முயல் விழ வேண்டும்

பதினோரு நாளைக்கு மருந்து இருந்தது. அதுவும் அளவைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால்தான். ஆனிமேரி ஐஸ் பெட்டியை மூடி, மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே இன்சுலின் குப்பிகள் இரண்டு முழுதாக, ஒன்று பாதியாக. யுத்தம் தொடங்கியதிலிருந்தே கப்பல்கள் நின்று நின்று வந்தன. நாற்பத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தோடு மருந்து வருவது அடியோடு நின்றுபோனது. மதராஸுக்கு இரண்டு தந்தி போயிற்று. இரண்டுக்கும் ஒரே பதில். சரக்கு இல்லை.

அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதிக்காரர்கள் வேறு பலரும் இருந்தார்கள். வயது முற்றி வியாதி வந்தவர்கள். சோற்றைக் குறைத்து, கேப்பைக் கூழை அளந்து ஊற்றி, எப்படியோ ஓட்டிவிடலாம். அன்னக்கொடியை அப்படி ஓட்ட முடியாது. பிள்ளை வயதில் வருகிற சர்க்கரை வேறு. உடம்புக்குள் இன்சுலின் ஊறுவதே நின்றுவிடும். ஊசியில் ஏறுவதுதான் உயிர்.

அன்னக்கொடிக்குப் பதின்மூன்று வயது. சமயநல்லூருக்கு மேற்கே ஒரு கண்மாய்க்கரை ஊரில் நிலம் உழுது பிழைக்கும் சம்சாரி காசிமாயனின் மூத்த மகள். எட்டு மாதத்துக்கு முன்னால், குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, எலும்பும் தோலுமாக, மூச்சில் அழுகிய பழத்தின் வாசனையோடு கட்டை வண்டியில் வந்து இறங்கினாள். இன்சுலின் ஏறிய மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கருவாடு கேட்டாள்.

தினமும் காலையில் அவளுடைய சிறுநீரை நீலக் கரைசலில் விட்டுக் கொதிக்க வைத்துப் பார்ப்பது ஆனிமேரியின் வேலை. சர்க்கரை இல்லாவிட்டால் குழாய் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. கூடக் கூட மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல். ஆனிமேரி குழாயைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் இருந்து குரல் வரும்.

"இன்னைக்கி என்ன சீலைக்கா?"

நீலம் வந்தால் அது கல்யாணச் சீலை. பச்சை, சந்தைக்குக் கட்டிப் போகிற சீலை. செங்கல் வந்தால் களையெடுக்கப் போகிற சீலை. பெயர் வைத்தது அவள்தான். பக்கத்துக் கட்டில்காரிகளும் இப்போது அப்படியே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

ஆனிமேரிக்கு முப்பத்தோரு வயது. மதராஸில் ரசாயனம் படித்து முதல் வகுப்பில் தேறினாள். அங்கேயே ஒரு சோதனைச்சாலையில் இரண்டு வருஷம் ரத்தத்தில் சர்க்கரையை அளக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு மதுரைக்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் செல்லூரில் தறி தறியாகப் போய் உட்கார்ந்து, நெசவாளிகளின் விரல் நுனியில் குத்தி, கூழ் குடிப்பதற்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தாள். நம் ஊர்ச் சாப்பாட்டில் சர்க்கரை எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று யாரும் அதுவரை அளந்து பார்த்ததில்லை. கட்டுரை வைத்தியப் பத்திரிகையில் வந்தது, ஆஸ்பத்திரித் தலைவர் லூர்துராஜ் டாக்டரின் பெயரில். "உன் பெயரை நன்றியில் போட்டிருக்கிறேன், சரிதானே?" என்று அவர் கேட்டபோது தலையாட்டினாள். கெட்ட மனிதர் இல்லை அவர். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார். அவளுக்குத்தான் சொல்ல வரவில்லை. இந்தப் பிள்ளைக்கு வாய் சாப்பிட மட்டும்தான் என்று அவளுடைய அம்மா சொல்வாள்.

அதற்கப்புறம் அவள் எடுத்துக்கொண்ட வேலை ஒன்றே ஒன்று. ஆட்டின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுப்பது. சீமையில் மாட்டிலும் பன்றியிலும் எடுக்கிறார்கள். மதுரையில் ஏன் ஆட்டில் எடுக்கக் கூடாது? எழுத்தில் சுலபம். ஆனால் அதே கணையத்துக்குள் இன்சுலினை அரித்துத் தின்கிற இன்னொரு நீரும் இருக்கிறது. ஆடு விழுந்த சூட்டோடு சதையை எடுத்து அமிலம் கலந்த சாராயத்தில் போட்டால்தான் அந்த நீர் அடங்கும். மதுரை வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் போதும், மிஞ்சுவது வெறும் சதை.

மருந்து உண்டா இல்லையா என்பதை முயல்தான் சொல்ல வேண்டும். பட்டினி போட்ட முயலுக்கு மருந்தை ஏற்றினால், சர்க்கரை இறங்கி, அது கால்களை உதைத்துக்கொண்டு விழ வேண்டும். விழுந்தால் மருந்து உண்டு. உடனே குளுக்கோஸ் ஏற்றி எழுப்பிவிடலாம். ஆறு வருஷத்தில் அவளுக்கு ஒரு முயல் விழுந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கசாப்புக் கூடத்தில் அவளே ஜாடியோடு நின்று, வயிற்றைத் திறந்த மறு நிமிஷம் வாங்கிப் போட்ட கணையங்களிலிருந்து. அன்று அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மாதா கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள்.

இப்போது கசாப்புக் கூடத்து ஆடுகள் முழுக்கப் பட்டாளத்து முகாமுக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கேயே வெட்டு, அங்கேயே சமையல். நகரத்தில் ஒரு நாளைக்கு நாலு கணையம் கிடைத்தால் பெரிது. அவ்வளவு கொஞ்சத்தில் எடுத்தால் வடிகட்டலிலேயே வீணாகி, ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குக்கூட மிஞ்சாது.

"ஒரே நாளில் ஒரே இடத்தில் நூறு ஆடு விழுந்தால் இரண்டு மாதத்துக்குச் செய்துவிடலாம் சார்" என்றாள் ஆனிமேரி. வார்டில், அன்னக்கொடியின் கட்டிலை ஒட்டி, மெதுவாகத்தான் சொன்னாள்.

"நூறு ஆட்டுக்கு எங்கே போவது? கனவில்தான் விழும்" என்றார் டாக்டர்.

சுவரோரம் குத்தவைத்திருந்த காசிமாயன் நிமிர்ந்தார். "எங்கூர்ல விழும் சார்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வார வெள்ளிக்கெழம எங்க கருப்புக்கு மாசிக் களரி. நேந்துவிட்ட கெடா நூறுக்குக் கொறையாது. என்ன சதை வேணும் உங்களுக்கு?"

ஆனிமேரி சொன்னாள். இரைப்பைக்குப் பின்னால், குடலை ஒட்டி, வெளிறிப்போய்க் கிடக்கும்.

"அந்த வெள்ளச் சதையா? அதை நாயிகூட ஒருக்க மோந்து பாத்துட்டுத்தான் திங்கும். அதுலயா எம்புள்ள உசுரு இருக்கு?" காசிமாயன் சிரித்தார். அன்னக்கொடியும் சிரித்தாள். தாய் ஒச்சாயி சிரிக்கவில்லை. மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் புருஷனைப் பார்த்து, "யோசிச்சுப் பேசு" என்றாள். "களத்த விட்டு ஒரு எலும்பு வெளிய போகலாமா?"

காசிமாயனின் சிரிப்பு அப்படியே நின்றது.

பிறகு அவர்தான் விவரம் சொன்னார். கருப்பசாமி கோயில் களத்துக்குள் பொம்பளை மூச்சுப் படக் கூடாது. வெட்டுவதும் ஆண்கள், பொங்குவதும் ஆண்கள், தின்பதும் ஆண்கள். வெட்டிய கிடாயில் ஒரு துணுக்குக்கூட எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. அங்கேயே தின்று, மிஞ்சியதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வர வேண்டும். மீறிக் கொண்டுபோனவன் குடி விளங்காது.

"அப்படியென்றால் வேண்டாம்" என்றார் டாக்டர்.

காசிமாயன் கட்டில் பக்கம் திரும்பினார். மகளின் கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்து மூடினார். மறுநாள் விடிந்ததும் சோதனைச்சாலை வாசலில் வந்து நின்றார்.

"கொண்டாந்து தாரேன் தாயி. நீங்க கண்மாய்க்கரைக்கு அங்கிட்டு வண்டியில இருந்துக்கங்க. கரைய ஏறி எட்டிப் பாத்துறாதீக."

"ஒச்சாயி அக்கா?"

"அவகிட்டச் சொல்லிட்டேன். அவ வேணாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. தலைமாட்டுலயே உக்காந்துருக்கா."

வெள்ளிக்கிழமை விடியும்போது ஆனிமேரி கண்மாய்க்கரைக்குப் பின்னால், காசிமாயனின் கூண்டு வண்டிக்குள் இருந்தாள். வைக்கோல் சுற்றிய கண்ணாடி ஜாடிகள் எட்டு. மரத்தூளுக்குள் ஐஸ் கட்டி. தவக்காலத்து வெள்ளி, அவள் வீட்டில் அன்றைக்கு மீன்கூடக் கிடையாது. கரைக்கு அந்தப் பக்கம் உறுமி மேளம் கேட்டது. ஒவ்வொரு கிடாய்க்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பும்வரை காத்திருந்து, சிலுப்பியதும் ஒரே வெட்டு. வெட்டு விழும்போது உறுமி ஒரு கணம் நின்று மறுபடி எடுக்கும். அந்த நிறுத்தத்தை வைத்துத்தான் முதல் கிடா விழுந்ததை அவள் தெரிந்துகொண்டாள். ஜாடிகளின் மூடியைத் திறந்து வைத்தாள்.

காசிமாயன் வரவில்லை.

வெயில் ஏறியது. உறுமி நின்று நின்று எடுத்தது. ஐஸ் உருகி வண்டித் தட்டின் இடுக்கு வழியாகச் சொட்டியது. இனிப் பொறுக்க முடியாது என்று ஆனபோது, சொன்னதை மீறிக் கரைச் சரிவில் நாலடி ஏறினாள். கருவேலம் புதருக்குள் தலையை வைத்துக்கொண்டு பார்த்தாள். மணலில் கிடாய்கள் வரிசையாகக் கிடந்தன. சூரியன் நேராக அவற்றின் மேல் விழுந்தது. யாரும் அவற்றைத் தொடவில்லை. சுற்றிலும் கத்தியோடு ஆட்கள் நின்றார்கள், கை கட்டிக்கொண்டு. அடுத்த கிடா சிலுப்புவதற்காக அத்தனை பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

வயிற்றைத் திறவுங்கள் என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் அது பொம்பளைச் சத்தம். காசிமாயனை அங்கேயே வெட்டிப் போட்டிருப்பார்கள்.

முதல் நடை அவர் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. ஈரச் சாக்கு போட்டு மூடிய பானை தலையில். எல்லைக் கல்லுக்கு முன்னால் நின்று, துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்துவிட்டுத் தாண்டினார். அதை அவள் பார்த்தாள்.

"ஏண்ணே இம்புட்டு நேரம்? முதல் ஆடு விழுந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சே."

"கடேசிக் கெடா விழாம மொதக் கெடாயத் தொடக் கூடாது தாயி. அதான வழக்கம்." பானையை இறக்கியவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன், எதுவும் கெட்டுப் போச்சா?"

ஆடு விழுந்ததும் அறுப்பார்கள் என்பது கசாப்புக் கூடத்து வழக்கம். வருஷக்கணக்காக அதையே பார்த்தவளுக்கு, வேறொரு வழக்கம் இருக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை. காசிமாயன் அவளிடம் மீற வேண்டிய விதிகளையெல்லாம் சொல்லியிருந்தார். மீற வேண்டாத விதியைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

"இல்லண்ணே" என்றாள். "சீக்கிரம் போடுங்க."

அவர் இரண்டு கையாலும் அள்ளி அள்ளி ஜாடிக்குள் போட்டார். சாராய வாசனை தூக்கியது. "கருப்புக்கே இம்புட்டு ஒசத்தியான சரக்கு வைக்கல நாங்க. குடுத்து வச்ச சதைதான்" என்றார். இன்னும் இரண்டு நடை நடந்தார். ஒவ்வொரு நடைக்கும் எல்லைக் கல்லில் நின்றார்.

கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். நூறு ஆட்டில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலும் ஒரு வாரத்துக்கு ஆகும். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அரைத்து, ஊறவைத்து, வடிகட்டி, விசிறிக் காற்றில் சாராயத்தை வற்றவைத்து, கொழுப்பை எடுத்து, மறுபடி வடிகட்டி, ஐந்து நாள் சோதனைச்சாலையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் படிந்தது. பார்வைக்கு அசல் மருந்து போலவே இருந்தது.

ஆறாம் நாள் காலையில் முதல் முயலுக்கு ஊசி போட்டாள். காசிமாயன் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முயல் விழுந்தால் மருந்து நல்ல மருந்து என்பது இதற்குள் வார்டு முழுவதற்கும் தெரியும். "விழுந்துருமாக்கா? பாவம்ல அது?" என்று அன்னக்கொடி முந்தின நாள் கேட்டிருந்தாள். உடனே எழுப்பிவிடுவோம் என்றதும், "அப்பச் சரி. நடிக்கிற முயலு" என்றாள்.

பத்து மணி. பதினொன்று. முயல் காதை ஆட்டிக்கொண்டு கூண்டின் மூலையில் இருந்தது. இரண்டாவது முயலுக்கு இரண்டு மடங்கு போட்டாள். மூன்றாவதுக்கு நாலு மடங்கு. மத்தியானம் போயிற்று. நாலு மணிக்கு லூர்துராஜ் டாக்டர் உள்ளே வந்தபோது, நாலு மடங்கு ஏறிய முயல் கூண்டுக் கதவைக் கட்டியிருந்த சணல் கயிற்றைச் சாவகாசமாகக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது.

டாக்டர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. "முயல் விழுந்துச்சா தாயி?"

காசிமாயன் கேட்டது அவளிடம்தான். அவர் படியில் நின்றார். கூண்டு மேஜைக்குப் பின்னால் இருந்தது. ஆனிமேரி அவரைப் பார்த்தாள். வார்த்தை தொண்டைவரை வந்தது. அது நாக்குக்கு வருவதற்குள் டாக்டர் எழுந்து கூண்டை மறைத்து நின்றுகொண்டார்.

"விழுந்தது காசிமாயன். நல்லா விழுந்தது."

காசிமாயன் அவர்களைக் கும்பிடவில்லை. மேற்கே, ஊர்க் கருப்பு இருந்த பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். "பொறுத்துக்கிட்டான்" என்றார். குரல் உடைந்தது. "பொறுத்துக்கிட்டான் தாயி." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுப் பக்கம் ஓடினார். நாற்பது வயது மனிதர் ஓடுவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னை அப்படிப் பார்க்காதே" என்றார் டாக்டர். "அந்த ஆள் எதைத் தாண்டி அதைக் கொண்டுவந்தான் என்று உனக்கே தெரியும். அது வெறும் தண்ணீர் என்று நான் எப்படிச் சொல்வேன்? நமக்கு வேறு மருந்தும் இல்லை. இருக்கிற நாலைந்து நாளாவது மகள் பக்கத்தில் நிம்மதியாக உட்காரட்டும்."

ஆனிமேரி தலையாட்டினாள்.

கப்பல் மருந்து தீர்ந்த மறுநாள் காலையில் குழாய் செங்கல்லாக வந்தது. ஜாடி மருந்தை ஏற்றினார்கள். அளவைக் கூட்டினார்கள். அன்றன்றைக்கு நகரத்தில் கிடைத்த நாலு கணையத்தையும் ஆனிமேரி விடியுமுன் போய் வாங்கி வந்தாள். கடலில் பெருங்காயத்தைக் கரைத்த மாதிரிதான். செங்கல். மறுபடி செங்கல். மூன்றாம் நாள் அவள் குழாயை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

அன்னக்கொடிக்கு மூச்சு ஆழமாக, வேகமாக வந்துகொண்டிருந்தது. அழுகிய பழ வாசனை திரும்பியிருந்தது. கண்ணைத் திறந்தாள்.

"களையெடுக்கிற சீலையாக்கா?"

ஆனிமேரியின் கை முந்தானைக்குள் குழாயை இறுக்கியது.

"இருக்கட்டும்க்கா. தெனமும் கல்யாணமா வரும்?"

அதுதான் அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது. அதற்கு மறுநாள் காலையில், வார்டில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், போனாள். ஒச்சாயி வாய்விட்டு அழவில்லை. மகளின் கையில் ஊசி குத்திய இடங்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "களத்துச் சதைய ஏத்துன ஒடம்பு. நீதான தூக்கியாந்த?" காசிமாயன் வண்டியைப் பூட்டப் போனார்.

பங்குனி முடிந்தது. முயல்கள் மூன்றும் நன்றாகக் கொழுத்துவிட்டன. சித்திரைத் திருவிழாவுக்காக ஊர் வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் காசிமாயன் வந்தார். கையில் வைக்கோல் சுற்றிய கண்ணாடி ஜாடி. லூர்துராஜ் டாக்டர் சோதனைச்சாலையில் இருந்தார். மேஜையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் ஆளைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.

"இது ஒண்ணு வண்டியிலேயே கெடந்துச்சு தாயி. சீமைக் கண்ணாடியாச்சே, தேடுவீகன்னு கொண்டாந்தேன்."

"உட்காருங்கண்ணே."

அவர் உட்காரவில்லை. தாடி வளர்ந்திருந்தது. தோளில் ஒரு துணி மூட்டை.

"ஊருக்குப் போறீங்களா?" என்றார் டாக்டர்.

"ஊரு இல்ல சார். மேக்க மலைக்குப் போறேன். எஸ்டேட்டுல ஆள் எடுக்காகளாம்."

"திருவிழா நேரத்தில் ஏன்? அறுப்பெல்லாம் முடிந்ததா?"

"நெலத்தத் தம்பிகிட்ட விட்டாச்சு." காசிமாயன் மூட்டையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். பிறகு டாக்டரிடம் சொல்லவில்லை, ஆனிமேரியிடம் சொன்னார். "ஒச்சாயி சின்னவனக் கூட்டிக்கிட்டு அவுக அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா தாயி. பய பேரு தவசி, நீங்க பாத்துருக்கீகள்ல, ஒருக்க வார்டுக்கு வந்து ஜாமான உருட்டுனானே. ஆறு வயசு. போன வாரம் பாக்கப் போனேன். அப்பான்னு ஓடியாந்தான். அவ குறுக்க நின்னுக்கிட்டா. நான் தொட்டுக் குடுத்த முறுக்கப் பிடுங்கி வீசிட்டா."

"ஒச்சாயி துக்கத்தில் இருக்கிறாள்" என்றார் டாக்டர். "நாளாக ஆகச் சரியாகும்."

"அவ மேல கோவம் இல்ல சார். அவ சொல்றது சரிதான். நானும் ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்துட்டேன். உங்க மேல தப்புச் சொல்ல முடியாது. மருந்து நல்ல மருந்து. முயலே விழுந்துச்சு. முயலுக்குக் கேட்ட மருந்து எம்புள்ளைக்கு மட்டும் ஏன் கேக்கல? அவன் மறிச்சுட்டான். மூணு நடை தாண்டுனேன்ல. மொத நடைக்கு மகள எடுத்துக்கிட்டான். மிச்சம் ரெண்டு நடை இருக்கு. நான் அந்தப் பக்கமே இல்லாமப் போயிட்டா சின்னவன விட்ருவான்ல?"

கேள்வி போலத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்காக நிற்கவில்லை. ஜாடியை மேஜையில் வைத்தார். அது ஆடாமல் நிற்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"இனி அந்தப் பய முகத்துல முழிக்க மாட்டேன். அதைத்தான் நேந்துருக்கேன். வாரேன் தாயி. வாரேன் சார்."

"போய் வாங்க காசிமாயன்" என்றார் டாக்டர். குரல் அவருடையது மாதிரி இல்லை. ஆனிமேரியைப் பார்த்தார். தலையை மெல்ல, இடமும் வலமுமாக, ஒருமுறை அசைத்தார். வேண்டாம் என்பது போல. கெஞ்சுவது போலவும் இருந்தது.

இதைச் சொன்னால் இந்த அறை அவளுக்கு இல்லை. அது அவளுக்குத் தெரியும். ஆறு வருஷம், ஒரு முயல். இனி யார் அவளுக்கு ஒரு கூண்டும் ஒரு ஜாடியும் கொடுப்பார்கள்? இன்னொன்றும் தெரியும். எதனால் மருந்து கெட்டது என்று அவர் கேட்டால், வெயிலில் கிடந்த கிடாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். மீறியதால் கெடவில்லை, மீறாததால் கெட்டது என்று சொல்ல வேண்டி வரும். அதை அவர் தலையில் வைக்கக் கூடாது. கேட்காதவள் அவள். கரையில் வைத்து இல்லை என்று சொன்னவளும் அவள்தான். அந்தப் பங்கை அவளே வைத்துக்கொள்ளலாம். அவருக்குக் கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று.

காசிமாயன் வேப்பமரத்தைத் தாண்டி வெளிக்கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. அவளுக்கே கேட்கவில்லை.

வாசற்படிக்கு வந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. பின்னால் முக்காலி நகரும் சத்தம் கேட்டது. டாக்டர் அவள் பெயரைச் சொன்னார். அவள் திரும்பவில்லை. படியிறங்கி மரத்தடிவரை போய், வார்டு ஜன்னல்களில் ஆட்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு, தன் ஆயுசில் ஒருநாளும் போடாத சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"காசிமாயன் அண்ணே."

அவர் நின்றார். மூட்டையோடு முழுதாகத் திரும்பினார். "என்ன தாயி?"

"சாமி மறிக்கலண்ணே. மருந்துல ஒண்ணுமே இல்ல. ஊசி போடுறதுக்கு முந்தியே எங்களுக்குத் தெரியும். அன்னைக்கி முயல் விழவே இல்ல."